கோவில்பட்டியில் ஒன்றரை நாள்: பார்க்க என்ன இருக்கிறது?

வண்ணார்பேட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் நாத்தனார் மகள் பள்ளி அணியில் ஹாக்கி ஆடுகிறாள். அடுத்த மாதம் அவர்கள் அணிக்குக் கோவில்பட்டியில் ஆட்டம் இருப்பதால், துணைக்குப் போகும் பொறுப்பு எனக்கும் என் மாமனாருக்கும் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை இரவு திருநெல்வேலிக்குத் திரும்புகிறோம். இரண்டு நாளும் மாலையில்தான் ஆட்டம் என்பதால் பகல் முழுவதும் எங்கள் கையில் இருக்கும்.

மதுரைக்குப் போகும்போதெல்லாம் இந்த ஊரை ரயில் சன்னல் வழியாகப் பார்த்து, கடலைமிட்டாய் வாங்கியதோடு சரி. இறங்கி ஊருக்குள் நடந்ததே இல்லை. திருநெல்வேலிக்காரர்களில் பலருக்கும் இதே நிலைதான் என்று நினைக்கிறேன். விசாரித்தபோது உறவினர் ஒருவர், "தீப்பெட்டி ஆபீஸ்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கிறார்கள், அங்கே போய் எதைப் பார்க்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கோ அந்தத் தீப்பெட்டி ஆபீஸைத்தான், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையைத்தான், பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வெளியாள் போய்ப் பார்க்க அனுமதிப்பார்களா, அப்படிப் போவது முறைதானா என்பதையும் சொல்லுங்கள். மாமனார் பாபநாசம் நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி உண்டு.

கரிசல்வாசி

வாருங்கள் அம்மா. இங்கே பிறந்து இங்கேயே வேலை பார்ப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன்: உங்கள் நேரத்தில் பெரிய பங்கைக் கழுகுமலைக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஊருக்குள் செலவிடுங்கள். ஒன்றரை நாளில் பாஞ்சாலங்குறிச்சி, எட்டையபுரம், கயத்தாறு, கழுகுமலை என எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் பிறகு கேட்டால் பேருந்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

கழுகுமலை இங்கிருந்து மேற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். சங்கரன்கோவில் பேருந்துகள் அவ்வழியாகத்தான் செல்கின்றன. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில் இருக்கிறது. கருவறை மலையைக் குடைந்து எடுத்தது. கூட்டம் முழுவதும் அங்கேயே நின்றுவிடுவதால், மலைமேல் இருக்கும் வெட்டுவான் கோயிலுக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து ஒற்றைக்கல் கோயில் அது. மலையின் மேற்பரப்பிலிருந்து கீழ்நோக்கி வெட்டி, நாற்புறமும் பாறையை அகற்றி, நடுவில் நின்ற கல்லைக் கோயிலாகச் செதுக்கத் தொடங்கியவர்கள், விமானத்தை முடித்து, கீழே அடித்தளத்தை முடிக்காமலே விட்டுப் போய்விட்டார்கள். மேலே விமானத்தில் பூதகணங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகபாவத்தோடு சிரித்துக்கொண்டிருக்கும். கீழே உளி பட்ட பாறை அப்படியே கரடுமுரடாக நிற்கும். தென்முகத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டிருப்பார். அவசரமாகச் சுற்றி வந்தால் அவரைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

அப்பன் மகன் இருவரும் சிற்பிகள், பொறாமையில் அப்பன் மகனைக் கொன்றதால் வேலை நின்றது என்று ஒரு கதையை யாராவது சொல்வார்கள். முடிவடையாத கோயில் எங்கே இருந்தாலும் இப்படி ஒரு கதை உடன் இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டிய கட்டாயமில்லை.

அங்கிருந்து சற்றுத் தள்ளிப் போனால் பாறை முகம் நெடுகச் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசை வரிசையாக இருக்கும். முக்குடையின்கீழ் அமர்ந்த உருவங்கள், பார்சுவநாதர், பாகுபலி, சிங்கத்தோடு நிற்கும் அம்பிகை என நூற்றுக்கும் மேற்பட்டவை. பல உருவங்களின் கீழே, அதை யார் செய்வித்தார் என்று வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றில் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் உண்டு. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த வறண்ட பூமியில் பெண்கள் ஆசிரியர்களாக இருந்து மாணாக்கர்களைக் கொண்டிருந்தார்கள் என்பது, எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

காலை ஏழரை மணிக்குள் மலைமேல் இருந்தால் நல்லது. பத்து மணிக்குமேல் அந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது.

அருவிக்கரை

தொழில் நசிந்த ஊரில் போய் எதற்காக இரண்டு பகலை வீணாக்க வேண்டும்? சனிக்கிழமை விடியற்காலையில் வாடகைக் கார் எடுத்துக் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு மாலை ஆட்டத்துக்குத் திரும்பிவிடலாமே. குழந்தையும் மகிழும், பெரியவருக்கும் மருந்தாகும்.

கரிசல்வாசி

திருநெல்வேலியில் இருப்பவர்கள் குற்றாலத்துக்குப் போகக் கோவில்பட்டி வந்து போக வேண்டியதில்லை அண்ணாச்சி. மேலும் மாலையில் ஹாக்கி ஆட வேண்டிய பிள்ளையைக் காரில் ஐந்து மணி நேரம் குலுக்கிக் கொண்டு வந்தால் பயிற்சியாளர் நம்மைத்தான் வைவார்.

நடைமேடை இரண்டு

வழி குறித்து மட்டும் ஒரு சொல். திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வருவதே நல்லது; நிலையம் ஊருக்குள் இருக்கிறது. பேருந்தில் வருவதானால், ஏறும்போதே வண்டி ஊருக்குள் இருக்கும் அண்ணா பேருந்து நிலையத்துக்குப் போகுமா என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். நெடுந்தூர வண்டிகள் சில புறவழிச்சாலையிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போய்விடும். வயதானவரையும் விளையாட்டுச் சாமான்களையும் வைத்துக்கொண்டு அங்கே ஆட்டோவுக்குக் காத்து நிற்பது துன்பம். கழுகுமலைக்கும் எட்டையபுரத்துக்கும் அண்ணா பேருந்து நிலையத்திலிருந்தே வண்டிகள் கிடைக்கும்.

பண்டல் கணக்கு

தீப்பெட்டி ஆபீஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் ஒரு நடுத்தர ஆபீஸில் கணக்கு எழுதியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அனுமதி கிடைக்கும், ஆனால் தானாக வாசலில் போய் நின்றால் கிடைக்காது. முதலாளிக்கோ கணக்குப்பிள்ளைக்கோ தெரிந்த ஒருவர் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். உங்கள் பயணத்தில் அதற்கு ஏற்ற நாள் வெள்ளிக்கிழமைதான். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா என்பதால் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது; ஞாயிறு விடுமுறை. மழை பிடித்துக்கொண்ட நாளில் போனாலும் பயனில்லை, ஏனென்றால் ஈரக்காற்றில் மருந்து காயாது, வேலை மந்தமாகிவிடும். பருத்தியைத் தவிர வேறெதையும் நம்ப முடியாத மழை குறைந்த இந்த வட்டாரத்தில் இந்தத் தொழில் வேர் பிடித்ததற்கு அந்த வறண்ட காற்றும் ஒரு காரணம். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டு கல்கத்தா சென்று தொழிலைக் கற்றுத் திரும்பிய பிறகு, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று அது பரவியது.

நீங்கள் பார்க்கக் கேட்க வேண்டியது முழு இயந்திர ஆலையை அல்ல. பகுதி இயந்திர ஆபீஸை. முழு இயந்திரத்தில் ஒரு முனையில் குச்சி உள்ளே போகும், மறுமுனையில் பெட்டி வெளியே வரும். நடுவில் நடப்பதைப் பார்க்க முடியாது. பகுதி இயந்திரத்தில் ஒவ்வொரு கட்டமும் கண்முன் நடக்கும். குச்சி பெரும்பாலும் கேரளத்திலிருந்து மூட்டை மூட்டையாக வரும். அதைச் சட்டங்களில் வரிசையாக அடுக்குவார்கள். அடுக்கிய குச்சிகளின் நுனியை முதலில் உருகிய மெழுகில் தோய்ப்பார்கள். மெழுகு இல்லாவிட்டால் தலையில் பற்றிய நெருப்பு குச்சிக்கு இறங்காமல் அங்கேயே அணைந்துவிடும். அதன் பிறகு தலைமருந்து. பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை, கண்ணாடித்தூள் முதலியவை கலந்த குழம்பு அது. பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது வேறு. அதில்தான் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. பற்றுவதற்கு வேண்டிய இரண்டு பொருள்களையும் ஒன்று சேராமல் பிரித்து வைத்திருப்பதால்தான் குச்சியைக் கண்ட இடத்தில் உரசினால் பற்றுவதில்லை. காய்ந்த குச்சிகளைப் பெட்டியில் அடைக்கும் பெண்களின் கையை நீங்கள் கண்ணால் தொடர முடியாது. எண்ணிப் பார்க்காமலே கை அளவாக எடுக்கும். அறுநூறு பெட்டி ஒரு பண்டல். எல்லாக் கணக்கும் பண்டலில்தான் ஓடும்.

இனி நசிவு என்று உங்கள் உறவினர் சொன்னது. அது உண்மை, ஆனால் ஒரே காரணத்தால் வந்தது அல்ல. 2007இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயான பெட்டியின் விலை, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆகும் வரை பதினான்கு ஆண்டுகள் அசையாமல் நின்றது. இடையில் மெழுகும் அட்டையும் பாஸ்பரஸும் குளோரேட்டும் விலை ஏறிக்கொண்டே போயின. மற்றப் பொருளில் ஐந்து காசு, பத்துக் காசு என்று ஏற்றிக்கொள்ளலாம். ஒரு ரூபாய்ப் பொருளில் அது முடியாது, ஏற்றினால் இரட்டிப்பாகத்தான் ஏற்ற வேண்டும், அதற்கு எல்லோரும் ஒன்றாக முடிவெடுக்க வேண்டும். வரியிலும் அடி விழுந்தது. கையால் செய்வதற்கு ஐந்து சதவீதம், இயந்திரத்துக்குப் பதினெட்டு என்று இருந்த சரக்கு சேவை வரியை 2020 ஏப்ரல் முதல் எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு என்று ஒன்றாக்கினார்கள். பெரிய ஆலைகளுக்கு அது இறக்கம், சிறியவர்களுக்கு ஏற்றம். இவற்றுக்கு மேல், அடுப்பங்கரையில் எரிவாயு லைட்டரும் பெட்டிக்கடையில் பிளாஸ்டிக் சிகரெட் லைட்டரும் வந்தன. இருபது ரூபாய்க்கும் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023 ஜூனில் ஒன்றிய அரசு தடை விதித்தது. ஆனால் அதற்குள் சிறிய ஆபீஸ்கள் பலவற்றின் கதவு சாத்தியாகிவிட்டது.

போவதானால் திறன்பேசியை அலுவலக அறையிலேயே கொடுத்துவிட்டுப் போங்கள். மருந்து முக்கும் இடத்துக்குள் விடமாட்டார்கள்; விடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம்.

சாத்தூர் மருமகள்

பண்டல் கணக்கு தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வியை அவர் தாண்டிப் போய்விட்டார். அப்படிப் போவது முறைதானா என்று வாசகி கேட்டிருக்கிறாரே, அதற்கு விடை எங்கே?

நான் இந்த வட்டாரத்தின் கிராமப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்தவள். இன்னும் விடியாத இருட்டில் ஆபீஸ் வண்டிகள் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலத்தைப் பார்த்தவள். என் வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்களில் பாதி அந்த வண்டிகளில்தான் இருந்தன. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1988 முதல் இந்தப் பகுதியில் மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று சிறப்புப் பள்ளிகள் நடந்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாயை முதலாளி நல நிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது. அந்த நாட்களிலும் நகரத்திலிருந்து கார்களில் ஆட்கள் வந்தார்கள். படம் எடுத்தார்கள், கண் கலங்கினார்கள், போனார்கள். பிள்ளைகள் அவர்களைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் பிடிக்காத ஒரு நினைவு.

இன்று அங்கே உட்கார்ந்து பெட்டி அடைப்பவர்களில், அன்று அந்த வண்டியில் போன பெண்களும் இருக்கிறார்கள். தொழில் போய்க்கொண்டிருக்கிறது என்ற கவலை அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் முன்னால் போய் நின்று "ஐயோ பாவம்" என்ற முகத்தோடு பார்ப்பதற்கு, கழுகுமலையில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வரலாம்.

பண்டல் கணக்கு

அக்கா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் பார்க்கவே கூடாது என்பதோடு உடன்பாடில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர்கள் தறியைப் பார்க்கிறார்கள், பத்தமடையில் பாய் பின்னுவதைப் பார்க்கிறார்கள்; அது கலை என்றும் இது கூலி என்றும் பிரித்து, இதைப் பார்ப்பதே அவமதிப்பு என்றால், இந்த வேலையில் இருக்கிற தேர்ச்சியை யார்தான் அறிவார்கள்? எங்கள் ஆபீஸுக்கு வந்த வெளியாட்களிடம் பெண்கள் சலித்துக்கொண்டது படம் எடுத்தவர்களிடம்தான். குச்சியை எப்படி அளவாக எடுக்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்கிறவரின் கேள்வி வேலையைப் பற்றியதாக இருந்தால் போதும். சம்பளம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர் என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம்.

சாத்தூர் மருமகள்

சம்பளத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதில் முதலாளிக்கும் ஒரு வசதி இருக்கிறது தம்பி, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பீஸ்ரேட்டில், அதாவது செய்து முடிக்கிற அளவுக்கே கூலி என்ற கணக்கில், கை ஓடுகிறவளை ஒரு பத்து நிமிடம் நிறுத்திப் பேசினால், அந்தப் பத்து நிமிடக் கூலியை யார் கொடுப்பது? போகிறவர்கள் மதிய உணவு வேளையில் போகட்டும். அப்போது பேசினால் எவருக்கும் நட்டமில்லை. கேள்வியை அவர்களும் திருப்பிக் கேட்க நேரம் இருக்கும்.

வண்ணார்பேட்டை வாசகி

இருவருக்கும் நன்றி. மதிய வேளை என்பது எனக்குத் தோன்றவே தோன்றாத யோசனை, அப்படியே செய்கிறோம். இன்னும் இரண்டு கேள்விகள். மாமனாருக்குத் தீப்பெட்டியைவிட நூற்பாலையில்தான் ஆசை. தாமிரபரணி நீரின் விசையில் ஓடத் தொடங்கிய ஆலையில் வேலை பார்த்தவருக்கு, ஆறே இல்லாத ஊரில் ஆலை எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமாம். அடுத்தது, சாப்பாடு.

கரிசல்வாசி

மாமனாரின் கேள்விக்கு விடை மண்ணில் இருக்கிறது. அங்கே விசை ஆற்றிலிருந்து வந்தது, பஞ்சு வெளியிலிருந்து போயிற்று. இங்கே பஞ்சு வயலிலேயே இருந்தது. விசைதான் பிறகு வந்தது. மானாவாரியில் கருங்கண்ணிப் பருத்தி விளைந்த கரிசல் இது. 1901ஆம் ஆண்டிலேயே இங்கே வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கிவிட்டார்கள் என்றால் பருத்திக்கு இருந்த மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். ஆலைகளுக்குள் போக அனுமதி எளிதில்லை. ஆனால் லட்சுமி மில் காலனி, லாயல் மில் காலனி என்று குடியிருப்புகளே ஆலைகளின் பெயரில் இருப்பதால், அந்தத் தெருக்களில் ஒரு நடை நடந்து, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வு பெற்றவர் யாரிடமாவது, தானும் மில்காரர்தான் என்று பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீங்கள்தான் அவரை அங்கிருந்து கிளப்பப் பாடுபட வேண்டியிருக்கும். இந்த ஊர் குடிக்கிற தண்ணீரும், சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிற உங்கள் தாமிரபரணிதான் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்குத் தனியாகத் தேட வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தைச் சுற்றிய தெருக்களில் மதியச் சாப்பாடும் இரவில் புரோட்டாவும் நன்றாகவே கிடைக்கும். கடலைமிட்டாயை மட்டும் ரயிலடியில் வாங்காமல், பின்கட்டில் தாங்களே போடும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பெயருக்காகவே பல ஊர்களில் போட்டு விற்கிறார்கள். காலை நேரத்தில் போனால், வறுத்துத் தோல் நீக்கிய கடலை வெல்லப்பாகில் விழுவதையும், சூடு ஆறுவதற்குள் அதைப் பலகையில் கொட்டி உருளையால் தேய்த்து வில்லை போடுவதையும் நின்று பார்க்கலாம். பாகின் பதம் ஒரு நொடி தப்பினால் பல்லில் ஒட்டும், அல்லது கல்லாகிவிடும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை குறைந்த பெண்கள் சிலர் இப்போது இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள்.

ஊருக்குள் செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போய்வாருங்கள். சுவாமி பூவனநாதர், ஆனால் ஊரில் எவரைக் கேட்டாலும் அம்மன் கோயில் என்றுதான் வழி சொல்வார்கள். ஊரை ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்றால் சொர்ணமலைக் கதிரேசன் கோயிலுக்கு ஏறலாம். மாமனாருக்குப் படி கடினம் என்றால் அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கழுகுமலைப் பாறைக்கு முழங்காலில் பலம் மிச்சம் இருக்க வேண்டும்.

ஹாக்கிக்கு வருகிற பிள்ளைக்கு இந்த ஊர் ஒன்றும் சாதாரண ஊர் இல்லை என்பதைச் சொல்லிக் கூட்டி வாருங்கள். இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர். அரியலூர்க்காரரான கார்த்தி செல்வமும் இங்கே பயிற்சி பெற்று உருவானவர். மே மாதத்தில் அகில இந்தியப் போட்டி நடக்கும்போது, ஆபீஸ் வேலை முடிந்து வருகிறவர்கள் நேராக மைதானத்துக்குத்தான் வருவார்கள். பெனால்டி கார்னரில் நடுவர் செய்த தவறைப் பூக்கட்டுகிற அம்மாகூட எடுத்துச் சொல்வார்.

மேலவாசல்

சனிக்கிழமை என்றால் எட்டையபுரம் ஆட்டுச் சந்தையை யாரும் சொல்லவில்லையே! கிழக்கே பதினைந்து கிலோமீட்டர்தான். விடிவதற்கு முன்பே களை கட்டிவிடும். மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கத்து வியாபாரிகள் எல்லாம் லாரியோடு வந்து நிற்பார்கள். பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் நிற்க இடம் இருக்காது. சந்தையை முடித்துக்கொண்டு அப்படியே பாரதியார் பிறந்த வீட்டையும், 1947இல் திறக்கப்பட்ட மணிமண்டபத்தையும், முத்துசாமி தீட்சிதர் சமாதியையும் பார்த்துவிடலாம். அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தால் போதும், மனம் கனத்துவிடும்.

கரிசல்வாசி

மேலவாசல் சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் சனிக்கிழமைக் காலையை எட்டையபுரத்துக்குக் கொடுத்தால் கழுகுமலையை வெள்ளிக்கிழமை வெயிலில் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்றுதான். ஆட்டுச் சந்தை அடுத்த சனிக்கிழமையும் கூடும் என்று நீங்கள் சொல்லலாம். மலையும் அங்கேயேதான் இருக்கும் என்று நானும் சொல்லலாம். வாசகி முடிவு செய்யட்டும்.

வண்ணார்பேட்டை வாசகி

போய்விட்டு வந்தோம். இதே நேரக் கணக்கில் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம், பண்டல் கணக்கு சொல்லி வைத்த ஆபீஸுக்குச் சாப்பாட்டு வேளையில் போனோம். சாத்தூர் அம்மா சொன்னபடி எல்லோரும் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி கேட்கப் போன என்னை அவர்கள்தான் கேட்டார்கள்: எந்த ஊர், பிள்ளை எந்த இடத்தில் ஆடுகிறாள், வண்ணார்பேட்டையில் தண்ணீர் தினமும் வருகிறதா? சம்பளத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. ஒருவர் தாமாகவே சொன்னார், அதை இங்கே எழுதுவதாக இல்லை. மணி அடித்ததும் வேலை தொடங்கியது. நாத்தனார் மகள் ஒரு பெட்டியை அடைத்துப் பார்க்க ஆசைப்பட்டாள். அவள் ஒன்றை முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர் ஒரு அடுக்கையே முடித்துவிட்டு, "நீ மட்டையையே பிடி தாயி" என்று சொல்லிச் சிரித்தார். பெரிய கூடத்தில் பாதி காலியாகத்தான் இருந்தது. முன்பு இங்கே இரண்டு வரிசை கூடுதலாக உட்காரும் என்று மேற்பார்வையாளர் சொன்னார்.

மாமனாரை மில் காலனியிலிருந்து கிளப்பப் பாடுபட வேண்டியிருக்கும் என்று கரிசல்வாசி எச்சரித்தது அப்படியே நடந்தது. பேச்சு முழுவதும் கதிர் எண்ணிக்கை, நூல் எண், பழைய ஷிப்ட் நேரங்கள், ஆலைச் சங்கு எத்தனை கிராமங்களுக்குக் கேட்டது என்பதிலேயே போயிற்று. ஆட்டத்தின் முதல் கால் பகுதியை நாங்கள் பார்க்கவில்லை.

சனிக்கிழமை கழுகுமலையைத்தான் தேர்ந்தெடுத்தோம். மாமனார் வெட்டுவான் கோயில் வரை வந்து, அங்கே நிழலில் உட்கார்ந்துகொண்டார். சமண உருவங்கள் வரை நானும் பிள்ளையும் போனோம். மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஒரு விஷயத்தில் மட்டும் கரிசல்வாசியோடு எனக்கு வேறுபாடு உண்டு. அடிவாரக் கோயிலை அவர் ஒரு வரியில் கடந்துவிட்டார். அந்தக் குடைவரைக்குள் இருக்கிற குளுமைக்காகவே அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். எட்டையபுரத்தைத் தொடவில்லை. போட்டியில் அவர்கள் அணி இரண்டாவது ஆட்டத்தில் தோற்றது.

சாத்தூர் மருமகள்

எழுதாமல் விட்டதை எழுதாமல் விட்டதற்கு நன்றி அம்மா. ஒரே ஒரு யோசனை, உங்களுக்கு அல்ல, இதைப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு: அங்கே போய் வந்தால், வீட்டுக்கு ஒரு பண்டலாவது வாங்குங்கள், ஆனால் அங்கிருந்து ரயிலில் கொண்டு போகாதீர்கள், தீப்பிடிக்கும் பொருள் என்று தடை இருக்கிறது. பேருந்திலும் நடத்துநர் ஏற்ற மாட்டார். கடைக்காரரிடம் சொன்னால் திருநெல்வேலியில் அதே ஆபீஸின் சரக்கு எந்த மொத்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்வார்கள்.

பண்டல் கணக்கு

சரியான யோசனை அக்கா. பெட்டியின் லேபிளில் தயாரித்த ஊரின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து வாங்கலாம். வாங்கிய பண்டலை மழைக்காலத்தில் சுவரோரம் தரையில் வைக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பக்க மருந்து ஈரம் வாங்கினால் எவ்வளவு நல்ல குச்சியும் பற்றாது, பிறகு ஆபீஸைத்தான் குறை சொல்வீர்கள்.

கரிசல்வாசி

அடிவாரக் கோயில் குறித்த கண்டனத்தை ஏற்றுக்கொள்கிறேன். இனி கேட்கிறவர்களுக்கு அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மழை பெய்த மறுநாள் சாலையை விட்டுக் கரிசலில் கால் வைக்காதீர்கள், செருப்பு மண்ணோடு தங்கிவிடும். தை, மாசியில் வந்தால் பயிரும் இருக்கும், நடக்கவும் முடியும்.